வளாகத்தில் வசிப்போர்

செப்டம்பர் 1, திங்கள்

டாக்டர் சொல்லித்தான் இந்த நோட்டு. ரத்த அழுத்தம் கூடியிருக்கிறதாம். "கோபம் வந்தா கத்தாதீங்க சார், எழுதுங்க" என்றார். மத்திய சிறையில் நிர்வாக அலுவலராக இருப்பவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் டாக்டரிடம் போக வேண்டும். செண்பகத்திடம் சொன்னேன். "அப்ப ஒரு நோட்டு காணாது. கட்டா வாங்கிட்டு வாங்க" என்றாள். முப்பது வருஷம் கூடக் குடித்தனம் செய்தவள்.

இன்று முதல் சிறையின் துப்புரவு வேலை தனியார் கம்பெனி வசம். இதுவரை தண்டனைக் கைதிகளே பெருக்கிக் கழுவி வந்தார்கள். இனி 'பளிங்கு சர்வீசஸ்' ஆட்கள் வெளியிலிருந்து வந்து செய்வார்கள். ஒப்பந்தம் தயாரித்தது நான். இது நன்றாக ஓடினால் ஜனவரியில் பதவி உயர்வு, சென்னையில் தலைமை அலுவலகம். செண்பகம் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்து, திரைச்சீலை தைக்க சன்னல் அளவு வரைக்கும் வாங்கிவிட்டாள்.

கம்பெனி மேனேஜர் அமல்தாஸ் காலையில் டை கட்டிக்கொண்டு வந்தான். நல்ல பையன். உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "சார், பிரசவ வார்டு எந்தப் பக்கம்?"

"இது ஆம்பளைங்க ஜெயில்வே" என்றேன்.

"தெரியும் சார். ஆனா ஒப்பந்தத்துல பிரசவ வார்டை மூணு வேளை தொடைக்கணும்னு இருக்கே."

எங்கள் துறையில் இதற்கு முன்மாதிரி கிடையாது. அதனால் ஒரு அரசு ஆஸ்பத்திரியின் ஒப்பந்தத்தை வாங்கி, 'மருத்துவமனை' வருகிற இடத்தில் 'சிறை' என்றும், 'நோயாளி' வருகிற இடத்தில் 'சிறைவாசி' என்றும் மாற்றச் சொன்னேன். கம்ப்யூட்டர் அம்மாள் மாற்றினாள். அவ்வளவு பெரிய காகிதத்தில் ஒரு சொல் விட்டுப்போவது எங்கும் நடப்பதுதான்.

செப்டம்பர் 3, புதன்

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. 'சிறைவாசிகள் பூரண குணமடைந்து வீடு திரும்பும்வரை இன்முகத்துடன் பணியாற்ற வேண்டும்.' யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

சிறை முற்றத்துச் சுவரில் ஒரு இயந்திரம் மாட்டிவிட்டார்கள். அதுவும் ஒப்பந்தப்படிதான். பச்சையில் சிரித்த முகம், மஞ்சளில் உம்மென்ற முகம், சிவப்பில் அழுமூஞ்சி. துப்புரவு எப்படி என்று கைதிகள் தினமும் ஒரு முகத்தை அழுத்த வேண்டும். கணக்கு நேரே தலைமை அலுவலகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். சிரித்த முகம் பாதிக்குமேல் விழாவிட்டால் கம்பெனியை அனுப்பிவிடலாம்.

முதல் நாளே மொத்தமும் சிவப்பு. ஒரே ஒரு பச்சை. அதை அழுத்தியவன் அன்றைக்குத்தான் உள்ளே வந்தவனாம், மற்றவர்கள் அவனைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

நாய்க்குப் பேர் வைத்தாயே, சோறு வைத்தாயா என்பார்கள். இவர்களுக்குச் சோறும் போட்டு, எலுமிச்சை வாசனைத் தண்ணீரில் தரையும் துடைத்து வைத்திருக்கிறது. நன்றி வேண்டாம், ஒரு பச்சையாவது?

செப்டம்பர் 10, புதன்

விஷயம் தெரிந்துவிட்டது. பேச்சிமுத்து என்று ஒருவன். துப்புரவுக் கைதிகளுக்கு மேஸ்திரி மாதிரி இருந்தவன். ஐம்பத்தைந்து வயசிருக்கும். வாய்க்கால் தகராறில் பக்கத்து வயல்காரனை மண்வெட்டிக் காம்பால் அடித்து, அந்த மனுஷன் ஆஸ்பத்திரியில் செத்துப்போய்விட்டான். பத்து வருஷ தண்டனை, வேலை பார்த்துக் கழித்த நாள் போகக் கடைசியில் நிற்கிறது. என்னைப் பார்க்க வேண்டும் என்று வந்து நின்றான்.

"ஐயா, எங்க தொடப்பத்த எங்கட்டயே குடுத்துருங்கய்யா."

"ஏன்டே, சும்மா உக்காந்து சாப்பிடக் கசக்குதா?"

"வேல பாத்தாத்தான ஐயா தண்டனைல நாள் கழியும்? சும்மா இருந்தா ஒண்ணும் கழியாதுல்லா."

எனக்குத் தெரியாமல் இல்லை. வேலை செய்யும் கைதிக்கு மாதாமாதம் கொஞ்சம் நாள் கழியும். வருஷக் கடைசியில் வேலையில் இருப்பவர்களுக்கு சூப்பிரண்டு கையால் விசேஷக் கழிவும் உண்டு. தெரியும். ஒப்பந்தம் போடும்போது அது ஞாபகத்தில் முன்னால் வந்து நிற்கவில்லை, அவ்வளவுதான். "தச்சுப் பட்டறைல கேட்டுப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். தச்சுப் பட்டறையில் ஏற்கெனவே ஆள் நிரம்பி வழிகிறது. அதுவும் தெரியும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அமல்தாஸுக்கு ஆள் நிற்கவில்லை. எங்கள் வாசலில் வெளிக்கதவைச் சாத்தினால்தான் உள்கதவைத் திறப்பார்கள். நடுவில் ஒரு இருட்டு அறை. இன்று வந்த புது ஆட்கள் இருவர், வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டதும், "அண்ணாச்சி, நாங்க ஒரு தப்பும் பண்ணல, தொறந்து விட்டுருங்க" என்று காவலர் காலைப் பிடித்துவிட்டார்களாம்.

உள்ளே போன மற்றவர்கள் பாடு அதைவிட மோசம். வேலையை இழந்த பழைய துப்புரவுக் கோஷ்டி வரிசையாக உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறது. "தம்பி, சன்னல் கம்பிக்குப் பின்னால விரல் விட்டுப் பாரு." "தண்ணிய இப்படியா ஊத்துவாவ? மூலைக்கு எட்டவே இல்லையே." ஆயுள் கைதி ஒருவர் எலுமிச்சை வாசனை தலைவலிக்கிறது, மல்லிகை போடு என்றாராம். அமல்தாஸ் அதையும் போட்டான். மல்லிகை வீட்டு ஞாபகம் வருகிறதென்று அதற்கும் அழுமூஞ்சி.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று மனுப் பார்க்கும் நாள். கைதிகளைப் பார்க்க உறவுக்காரர்கள் வரும் கூடத்தின் வழியாக ஏதோ வேலையாகப் போனேன். ஒரு அம்மாள் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிக்கொண்டிருந்தாள். காலை மடக்க முடியவில்லை. கைகொடுக்கப் போனேன்.

"குற்றாலநாதன்னு ஒரு ஆபீசராமே. எங்க இருப்பாரு?"

"நான்தான்."

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நீருதானா எங்க வீட்டு ஆளுக்கிட்டருந்து தொடப்பத்தப் புடுங்குனது?"

பேச்சிமுத்துவின் மனைவி ஆவுடையம்மாள். அத்தனை பேர் முன்னால் பிடித்துக்கொண்டாள். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், ஆஸ்பத்திரியில் பதிந்து வைத்து, வெகுகாலம் காத்திருந்து ஜனவரிக் கடைசியில் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்திருக்கிறது. பிள்ளைகுட்டி கிடையாது. கட்டிலோடு கிடக்கும்போது தூக்கிவிட ஆள் வேண்டும். கூட ஆள் இல்லாமல் ஆபரேஷன் செய்ய மாட்டார்களாம். வேலைக் கழிவுகளையெல்லாம் சேர்த்தால் புருஷன் பொங்கலுக்கு முன்னால் வெளியே வந்துவிடுவார் என்று நம்பித்தான் அந்தத் தேதியை ஒப்புக்கொண்டிருக்கிறாள். இப்போது கழிவு இல்லை. பங்குனி ஆகிவிடும். தேதியை விட்டால் மறுபடி வரிசையில் கடைசி.

"அதுவரைக்கும் நான் குண்டியாலதான் நடக்கணும். நீரு ஒருக்க நடந்து பாரும், எப்படி இருக்குன்னு."

கூடமே சிரித்தது. காவலர்களும் சிரித்தார்கள். யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 27, சனி

தூக்கம் சரியில்லை. ராத்திரி சாப்பிட்ட பரோட்டா.

அக்டோபர் 6, திங்கள்

பேச்சிமுத்துவைக் கூப்பிட்டு, மனைவிக்கு ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்தால் பரோலில் விடலாமே என்றேன். எனக்கென்ன, ஒரு தகவலாகத்தான் சொன்னேன்.

"ஒரு வாரம் குடுப்பாவ ஐயா. கால்ல கம்பி வச்சுக் கட்டுனவ ஒரு வாரத்துல எந்திரிச்சிருவாளா? மூணு மாசம் தூக்கிவிடணும்னு டாக்டரே சொல்லிருக்காரு."

"அப்ப என்ன செய்யப் போற?"

"கார்த்திகை பொறக்கதுக்குள்ள ஏதும் வேலை கெடச்சா, வருசக் கடைசிக் கழிவுல எப்படியும் வந்துருவேன். இல்லன்னா அவ விதி. நான் செஞ்ச காரியத்துக்கு அவ ஏன் ஐயா அனுபவிக்கணும்? அதத்தான் யோசிக்கேன்."

 அவனுடைய தண்டனைப் பதிவேட்டை எடுத்து இரண்டு தடவை நாள் கூட்டிப் பார்த்தேன், பங்குனிதான் வந்தது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அமல்தாஸ் கைதிகள் எல்லோருக்கும் லட்டு வாங்கி வந்தான். மத்தியானம் வரை பச்சையாக விழுந்தது. லட்டு செரித்ததும் சிவப்பு.

அக்டோபர் 26, ஞாயிறு

வீட்டில் பொழுதுபோகவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். "கல்யாணப் பத்திரிகைக்கே கண்ணாடி போடாத மனுசன், என்னத்த இப்படி விழுந்து விழுந்து படிக்கீங்க?" என்று செண்பகம் கேட்டாள். சும்மாதான் என்றேன்.

எழுதியவனே முதல் தடவையாகப் படிக்கிறான் என்று அவளுக்கு ஏன் தெரிய வேண்டும்? பல ரத்தினங்கள் கிடைத்தன. சிறைவாசியின் உறவினர் ஒருவர் இரவில் உடன் தங்கலாம். கைக்குழந்தைகள் அழுதால் கம்பெனி பொறுப்பல்ல. அப்புறம் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் இது:

'பணியாளர்களை அமர்த்தும்போது வளாகத்திலும் அதனை ஒட்டியும் வசிப்போருக்கே முன்னுரிமை அளித்தல் வேண்டும்.'

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஊழியர் குவார்ட்டர்ஸ் ஜனங்களை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். எங்கள் வளாகத்தில் வசிப்போர் யார்? வெளியே போகக்கூட முடியாதபடி அவ்வளவு அக்கறையாக வசிப்போர்?

அக்டோபர் 27, திங்கள்

அமல்தாஸிடம் பேச்சுவாக்கில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். இரண்டு தடவை படித்தான். டையைத் தளர்த்திக்கொண்டான். "சார், இவங்க வேலைக்கு வரமாட்டேன்னு ஓடவே முடியாதே சார்!" என்றான். கண் கலங்கிவிட்டது பையனுக்கு.

சூப்பிரண்டு தில்லைவாணனிடம் கொண்டுபோனேன். அவர் அதிகம் பேச மாட்டார். "விதியில இருக்கா?" என்றார். "நிபந்தனையா இருக்கு சார்" என்றேன். "இதை நீங்க முன்னாலயே யோசிச்சு வச்சீங்களா?" என்று என் முகத்தைப் பார்த்தார். "ஒப்பந்தம்னா எல்லாம் யோசிக்கணும்லா சார்" என்றேன். பொய் இல்லை. யோசிக்கணும் என்றுதான் சொன்னேன்.

நவம்பர் 5, புதன்

பழைய துப்புரவுக் கோஷ்டி வேலைக்குத் திரும்பிவிட்டது. கம்பெனி வேலை, சிறைக் கழிவு. சம்பளம் கம்பெனி மூலம் அவர்கள் கணக்கில். தகுதியுள்ள வளாகவாசிகள் என்று காகிதத்தில் இருக்கிறது.

கம்பெனி முறைப்படி பயிற்சி. எதிரில் யார் வந்தாலும் கும்பிட்டு, "வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?" என்று கேட்க வேண்டும். சிறைப் பழக்கத்தில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, தரையிடம் கேட்டார்கள். அமல்தாஸ் மோவாயைத் தொட்டுத் தொட்டு நிமிர்த்தினான். மாலையில் தலைமைக் காவலர் கோபமாக வந்தார். திருட்டுக் கேஸ்காரன் ஒருவன் அவரைப் பார்த்து எப்படி உதவட்டும் என்று கேட்டானாம். "என்ன சொன்னீர்?" என்றேன். "போய் வேலையைப் பாருன்னேன். அதுக்கும், உங்கள் நேரத்துக்கு நன்றிங்கான் சார்" என்றார்.

நவம்பர் 12, புதன்

மொத்தமும் பச்சை. இயந்திரத்தில் சிவப்புப் பொத்தான் தூசி படிந்து கிடக்கிறது. அந்தத் தூசியையும் பேச்சிமுத்து துடைத்துவிட்டார்.

நவம்பர் 28, வெள்ளி

அதிகமாகச் சிரித்தால் ஆபத்து என்று செண்பகம் அடிக்கடி சொல்லுவாள். இரண்டு மாதம் அழுத ஜெயில் திடீரென்று ஒரே நாளில் ஏன் சிரிக்கிறது என்று தலைமை அலுவலகத்தில் யாருக்கோ சந்தேகம் வந்து, ஆய்வுக்குழுவை அனுப்பிவிட்டார்கள். மூன்று பேர். முற்றத்தில் நுழைந்ததும் பேச்சிமுத்து கும்பிட்டு, எப்படி உதவட்டும் என்றார். "நீங்க கம்பெனியில எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"கம்பெனில இப்பத்தான் ஐயா. உள்ள வந்து ஏழு வருசம் ஆகப்போவுது."

டிசம்பர் 3, புதன்

விளக்கம் கேட்டு எனக்கு மெமோ. இந்த நிபந்தனை ஒப்பந்தத்தில் எப்படி வந்தது? கவனக்குறைவா, வேண்டுமென்றே சேர்க்கப்பட்டதா?

சூப்பிரண்டு கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "குற்றாலநாதன், ஆஸ்பத்திரி ஒப்பந்தத்துலேருந்து தவறுதலா வந்துட்டுதுன்னு எழுதிக் கொடுங்க. ஒரு எச்சரிக்கையோட போயிரும். ஜனவரிப் பட்டியல்ல உங்க பேர் அப்படியே இருக்கும்."

"நிபந்தனை?"

"தவறுதலா வந்ததுன்னா செல்லாது. அவங்க பார்த்த வேலையும் செல்லாது, கழிவும் கிடையாது. வேணும்னே சேர்த்ததுன்னு சொன்னா ஒப்பந்த காலம் வரைக்கும் செல்லும். ஆனா மேலிடத்துல கேக்காம செஞ்சதுக்கு நீங்க மாட்டுவீங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

தையல்காரர் திரைச்சீலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப்பூ. நன்றாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 5, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'மேற்படி நிபந்தனை சிறைவாசிகளின் நலன் கருதி, என்னால் ஆழ்ந்து ஆலோசித்து, தெரிந்தே சேர்க்கப்பட்டது.'

வேறு என்ன எழுத? முப்பது வருஷ சர்வீஸ்காரன், ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்துக் காப்பியடித்தேன் என்று எழுதிக் கொடுப்பதா? நாளைக்கு இந்த டிபார்ட்மெண்டில் எவன் மதிப்பான்? இது முழுக்க என் கௌரவப் பிரச்சினை. மற்றவர்களுக்கு இதனால் நன்மை கிடைத்தால் அது அவர்கள் அதிர்ஷ்டம்.

சூப்பிரண்டு வாசித்துப் பார்த்தார். "அப்ப பிரசவ வார்டையும் ஆழ்ந்து ஆலோசிச்சுத்தான் சேர்த்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்து கைகொடுத்தார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

டிசம்பர் 31, புதன்

பட்டியல் வந்தது. என் பேர் இல்லை. இனி ரிட்டயர் ஆகும்வரை இங்கேதான்.

வருஷக் கடைசிக் கழிவு உத்தரவும் இன்றே வந்தது. அதில் பேச்சிமுத்து பேர் இருக்கிறது.

செண்பகத்திடம் எப்படிச் சொல்வதென்று தெருமுனையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனேன். அவளுக்கு அமல்தாஸ் முன்னாலேயே போன் செய்து எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான், ஆவுடையம்மாள் முழங்கால் உட்பட.  தோசை வார்த்துக்கொண்டே, "மெட்ராஸ்ல தண்ணியே சரியில்லையாம். குளிச்சா முடி கொட்டுதுன்னு மக சொல்லுதா" என்றாள். இவ்வளவு நாள் அந்தத் தண்ணீரைப் பற்றி அவள் பேசியதே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய்ப்பொடி காரம்தான், ஆனாலும்.

ஜனவரி 9, வெள்ளி

பேச்சிமுத்து விடுதலை. வாசலில் காலில் விழ வந்தார், தடுத்துவிட்டேன். "வீட்டுக்காரம்மாட்ட, இனி என்னைத் திட்ட வேண்டாம்னு சொல்லும்" என்றேன். "அது என் கையில இல்ல ஐயா" என்றார். வெளிக்கதவு திறந்ததும் போய்விட்டார். அமல்தாஸ் முகத்தில் சிரிப்பே இல்லை, மேஸ்திரி போய்விட்டாரே என்று.

ஜனவரி 29, வியாழன்

வேறு வேலையாக, ஒப்பந்தம் கொடுத்த அந்த அரசு ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேண்டியிருந்தது. என்ன வேலை என்று செண்பகமும் கேட்டாள். துப்புரவு ஒப்பந்தத்தை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துவர வேண்டாமா? ஆரஞ்சுப்பழம் வாங்கிக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

எலும்பு வார்டில் ஆவுடையம்மாள் இரண்டு காலிலும் கட்டோடு படுத்திருந்தாள். ஆபரேஷன் செவ்வாய்க்கிழமையே நல்லபடியாக முடிந்துவிட்டதாம். பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டூல். அதில் பேச்சிமுத்து உட்கார்ந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்பூனைப் போட்டுவிட்டு விருட்டென்று எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டார். தலை தானாகக் குனிந்துவிட்டது. "ஐயா, உக்காருங்கய்யா" என்று ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். ஏழு வருஷமாக எங்களில் யாரைக் கண்டாலும் அப்படித்தான் நின்றிருக்கிறார். அதுவரை எனக்கு அது உறைத்ததில்லை.

"ஏங்க" என்றாள் ஆவுடையம்மாள், படுத்தபடியே. குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "உக்காருங்க."

"ஐயா நிக்காவ, நான் எப்படி..."

"அவிய நிப்பாவ. கால் நல்லாத்தான இருக்கு? இது ஆசுபத்திரி. இங்க யாரப் பாத்தும் நீங்க எந்திரிக்க வேண்டாம். உக்காருங்க."

அவர் என்னைப் பார்த்தார். என் உத்தரவுக்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.  "உக்காருங்க, பேச்சிமுத்து" என்றேன்.

மெள்ள உட்கார்ந்தார். கட்டியிருந்த கையை எடுத்து எங்கே வைப்பதென்று கொஞ்ச நேரம் தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு ஸ்பூனை எடுத்தார். நான் ஆரஞ்சுப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கஞ்சி தீரும்வரை நின்றபடியே பேசிவிட்டு வந்தேன்.